அத்திபெலேயில் பை போச்சு, சிவாஜிநகரில் சேவல் வந்தது

பெங்களூருக்கு முன்னால், கர்நாடக எல்லையில் அத்திபெலே செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது அப்போதுதான் விடிந்திருந்தது. பத்து நிமிஷம் ஆகும், டீ குடிக்கிறவர்கள் குடிக்கலாம் என்று கண்டக்டர் சொன்னார். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் மார்கழியில்கூட மனுஷன் பல் இப்படி ஆடாது. மங்கி கேப்பைக் காது மறையும்வரை இழுத்துவிட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் சுத்தமான தமிழில், "ஃபுல்லா, பை டூவா சார்?" என்றார். நான் முழிப்பதைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற ஒருவர், "பை டூ போடுங்க, நானும் சாரும்" என்று சொல்லிவிட்டார். ஒரே டீயை இரண்டு தம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றி, முன்பின் தெரியாத இரண்டு பேருக்குக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் கூடப்பிறந்தவனோடுகூட யாரும் டீயைப் பங்கு போட மாட்டார்கள். என் பாதியில் டீ குறைவா, அவர் பாதியில் குறைவா என்று நான் தம்ளரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பஸ் போய்விட்டது.

கத்தினேன், ஓடினேன். எல்லாம் அந்த மங்கி கேப்புக்குள்ளேயே நடந்து முடிந்தது. பஸ்ஸோடு என் பையும் போனது. இரண்டு வேட்டி, மூன்று சட்டை, என் மனைவி கொழுந்தனுக்காகக் கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்து ஒரு டப்பா. பையின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் 'செயலாளர்' என்று எழுதியிருக்கும். எங்கள் கோயில் கமிட்டியில் நான் மூன்று தடவையாகச் செயலாளர். அந்தப் பையை யார் பார்த்தாலும் எழுந்து நிற்பார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. பெங்களூரில் அது யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ, இன்றுவரை தெரியாது.

எதற்காகப் போனேன் என்று சொல்லவேண்டும். இரண்டாயிரமாவது வருஷம் பிறக்க இரண்டு மாதம் இருந்தது. கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று ஒரு கூட்டம், உலகமே நின்றுவிடும் என்று ஒரு கூட்டம் பேசிக்கொண்டிருந்த சமயம். காக்ஸ் டவுனில் இருக்கும் என் தம்பி தனசிங்கிடமிருந்து ஒரு இன்லாண்ட் லெட்டர் வந்தது. பழைய மனுஷனைக் களைந்துபோட்டுப் புதுசாகப் போகிறானாம். ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் முழுகி ஞானஸ்நானம் எடுக்கிறானாம்.

நாங்கள் பரம்பரையாகக் கைத்தண்ணீர்க்காரர்கள். பிறந்த மூன்றாம் மாதம் குருவானவர் தலையில் மூன்று கை தண்ணீர் தெளித்துவிட்டால் அதோடு காரியம் முடிந்தது. பெரியவனான பிறகு இன்னொரு சபையில் போய் முழுகுவது என்றால், பெற்றவர்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று ஊருக்கே சொன்ன மாதிரி. "போய் உங்க தம்பியைப் பிடிச்சு நிறுத்துங்க. கமிட்டிச் செயலாளர் வீட்டுலேயே இப்படின்னா ஊர் என்ன சொல்லும்?" என்றாள் என் மனைவி. டிக்கெட்டையும் அவளே எடுத்துக்கொடுத்தாள்.

அவளுக்குக் காட்டாத இரண்டு வரி அந்தக் கடிதத்தின் அடியில் இருந்தது. 'முழுகுவதற்கு முன் சபையில் சாட்சி சொல்ல வேண்டும். சேவல் விஷயத்தையும் சொல்லப்போகிறேன் அண்ணே. மாசிலாமணி அண்ணனைக் கண்டுபிடித்துவிட்டேன்.'

அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பத்தாறு வருஷத்துக்கு முந்திய கதை. எனக்குப் பதினாலு வயது, தனசிங்குக்குப் பதினொன்று. அப்பா இல்லை. மிஷன் போர்டிங்கில் சாப்பிட்டுப் படித்துக்கொண்டிருந்தோம். அறுப்பின் பண்டிகைக்கு முதல் நாள் சாயங்காலம், ஊர்க்காரர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைத்தார், பூசணிக்காய், கோழி எல்லாம் கோயில் பக்கத்து அறையில் இருந்தன. அதில் ஒரு சேவல். சிவப்புக் கொண்டை, தொடை மட்டும் என் கை பெரிசு. போர்டிங்கில் வாரத்துக்கு ஏழு நாளும் சாம்பார். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. சட்டையைக் கழற்றிச் சேவலின் தலையில் போட்டு மூடி, பனங்காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுத் தின்றோம். சரியாக வேகவைக்கத் தெரியாமல் இரண்டு பேரும் இரண்டு நாள் கக்கூஸே கதியாகக் கிடந்தோம். ஓடுகிற ஓட்டத்தில் சட்டை எங்கோ விழுந்துவிட்டது.

பழி விழுந்தது மாசிலாமணி மேல். கோயிலில் மணியடித்து, விளக்குத் துடைத்து, சாவி வைத்திருந்தவர். அப்போது அவருக்கு இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். "சாவி உன்கிட்டதான இருந்துச்சு?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரமே ஊரைவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் கோயிலில் குடை காணோம், செருப்பு காணோம் என்றால், "மாசிலாமணி வந்துட்டுப் போயிருப்பான்" என்று சொல்லிச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்திராத பிள்ளைகள்கூடச் சொல்லும். அதை அதிகம் சொன்னவன் யார் என்று கேட்டால் நான்தான்.

கையை வீசிக்கொண்டு காக்ஸ் டவுன் போய்ச் சேர்ந்தேன். தம்பி மனைவி மெர்சி அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள், பள்ளிக்கூடத்து டீச்சர். ஓட்டு வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும், "ஐயய்யோ, என்னா அத்தான், பை எங்கே?" என்றாள். அத்திபெலேயில் என்றேன். "சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று தனசிங்கின் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் என்னைவிட ஒல்லி. மூன்றாவது பட்டனுக்குக் கீழே அந்தச் சட்டை என்னோடு ஒத்துழைக்க மறுத்துவிட்டது.

இட்லி கொடுத்தாள், பூப்போல இருந்தது. சாம்பாரை ஊற்றினால் இனிக்கிறது. "வெல்லம் விழுந்துட்டோ?" என்று கேட்டேன். "இங்க அப்படித்தான் அத்தான் போடுவாங்க, எனக்கும் பழகிருச்சு" என்றாள். எங்கள் ஊரில் ஒருத்தி சாம்பாரில் வெல்லம் போட்டால் அதைக் கமிட்டியில் வைத்து விசாரிப்போம். ஆனாலும் ஒன்பது இட்லி சாப்பிட்டேன்.

தனசிங் வந்தான். ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மீசைக்கு மை அடிப்பதை நிறுத்திவிட்டதால் என் அண்ணன்போல இருந்தான். கையில் ஒரு நோட்டு. முழுகுவதற்கு முன்னால், யார் யாருக்கு என்ன தப்புச் செய்தோமோ அவர்களிடம் போய் ஒப்புரவாக வேண்டும் என்று அவன் சபையில் ஒரு வழக்கம். நோட்டில் நம்பர் போட்டு எழுதி, முடிந்ததையெல்லாம் அடித்திருந்தான். பழைய கம்பெனியில் எடுத்த ஸ்குரூ டிரைவர், திருப்பிக் கொடுத்தாயிற்று. மாமியாரின் மூக்குக்கண்ணாடியை ஒளித்து வைத்தது, மன்னிப்புக் கேட்டாயிற்று. மேல்வீட்டுக்காரர் நாய்க்கு அவர் பெயரையே வைத்துக் கூப்பிட்டது, கேட்டாயிற்று, அவர் இன்னும் மன்னிக்கவில்லை. கடைசியில் அடிக்காமல் ஒன்றே ஒன்று: சேவல்.

"ஏலேய், அது சின்ன வயசுல செஞ்சது. கர்த்தரே மறந்திருப்பாரு" என்றேன்.

"கர்த்தர் மறந்திருப்பாருண்ணே. மாசிலாமணி அண்ணன் மறந்திருப்பாரா?"

"சரி, சொல்லித் தொலை. என் பேரைச் சொல்லுவியா?"

"உன் பாவத்தை நான் எப்படிண்ணே சொல்ல முடியும்? அது உன்னுது. என்னுதை மட்டும் சொல்லுதேன்."

"சேவல் ரெண்டு பேருக்கும் பொதுதானடே!"

அவன் நோட்டை மூடிக்கொண்டு சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அடுத்த மாதம் கமிட்டித் தேர்தல். மெர்சியின் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் எங்கள் ஊரோடு கொண்டு கொடுத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு வார்த்தை விழுந்தால் திங்கட்கிழமை எஸ்டிடி பூத் வழியாக எங்கள் கோயில் வாசலில் போய் நிற்கும்.

சனிக்கிழமை காலை வெள்ளை வேட்டி வாங்க என்னையும் சிவாஜிநகருக்கு அழைத்துப் போனான். முழுகுகிறவர்கள் வெள்ளை உடுத்த வேண்டும். பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் ஒரு பக்கம் துணி, ஒரு பக்கம் ஆட்டுத்தலை, நடுவில் நாம். ஒரே ஆள் தமிழில் கூப்பிட்டு, உருதுவில் விலை சொல்லி, கன்னடத்தில் சண்டை போடுகிறார். நான் சேலத்துக்கு வடக்கே போனால் வாயையே திறக்காதவன். அசந்துபோய் நின்றேன்.

"இப்படி நிழல்ல நில்லுண்ணே, தெரிஞ்ச ஆள் கடைதான், வந்துடுதேன்" என்று என்னை ஒரு கோழிக்கடை ஓரத்தில் நிறுத்திவிட்டுத் துணிக்கடைக்குள் போனான். கடைக்காரர் கூண்டுக்குள் கையைவிட்டு ஒரு கோழியை எடைபோடும்போது என்னையே பார்த்தார். நரைத்த தலை, சுத்தமான பனியன். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. கோயில் மணிக்கயிறு அறுந்து விழுந்தபோது பட்டது அது. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

"ஐயா நமக்குத் தெக்கத்திப் பக்கமோ?" என்றார்.

"இல்லை, மதுரை" என்றேன். மங்கி கேப்பை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். காலை பத்து மணி, நல்ல வெயில்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டுக் கோழியைத் துண்டுபோட ஆரம்பித்தார். தனசிங் வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நான் கிட்டத்தட்ட ஓடினேன். வழியில்தான் சொன்னான்: போன வருஷம் கோழி வாங்கப் போன இடத்தில் அவரை அடையாளம் தெரிந்ததாம். ஆனால் வாய் வரவில்லையாம். ஒரு வருஷமாக வாரா வாரம் கோழி வாங்கியும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல், கடைசியில் தூக்கம் போய்த்தான் இந்தச் சபைக்கே போனானாம். "நாளைக்கு வாங்கண்ணேன்னு கூப்பிட்டிருக்கேன். எதுக்குன்னு சொல்லல" என்றான்.

மத்தியானம் பிரியாணி. அதில் இருந்த கோழி எந்தக் கடையிலிருந்து வந்தது என்று தெரிந்ததால் எனக்கு ஒரு பிளேட்டுக்கு மேல் இறங்கவில்லை. வெற்றிலை போடலாம் என்று தெருமுனைக்கு வந்து நின்றேன். அப்போதுதான் ஒரு தண்ணீர் லாரி வந்து என் பக்கத்தில் மூச்சுவாங்கியது.

பெங்களூரில் குழாய்த் தண்ணீர் நாள் விட்டு நாள் வரும், அதுவும் வந்தால் வரும். சபைக்குப் பின்னால் ஷெட்டில் இருக்கும் ஞானஸ்நானத் தொட்டியை லாரித் தண்ணீரால்தான் நிரப்புவார்கள் என்று மெர்சி சொல்லியிருந்தாள். டிரைவர் தலையை நீட்டி, "சார், பிரேயர் ஹால் எல்லிதே?" என்று கேட்டார்.

நான் நல்லவன்தான். ஆனால் அந்த ஒரு நிமிஷம் எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. லாரி வரவில்லை என்றால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லை என்றால் முழுக்கு இல்லை. முழுக்கு இல்லை என்றால் சாட்சி இல்லை. தெரிந்த ஒன்றரைக் கன்னட வார்த்தையை வைத்து, "இல்லி இல்லா, முந்தே, முந்தே", அதாவது இங்கே இல்லை, இன்னும் முன்னால் என்று ரயில்வே கேட்டைத் தாண்டிக் கையைக் காட்டினேன். "தேங்க்ஸ் சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். பிரேயர் ஹால் என் முதுகுக்குப் பின்னால், பத்தடியில் இருந்தது.

சாயங்காலம் மெர்சி பதறிக்கொண்டு வந்தாள். "அத்தான், லாரி வர்லையே! முனையில நின்னீங்களே, எதாச்சும் பாத்தீங்களா?"

"எனக்கென்னம்மா தெரியும், நான் வெத்தலை போட்டுக்கிட்டிருந்தேன்" என்றேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு காலை தட்டி எழுப்பி, என் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொடுத்தாள் மெர்சி. லாரி இல்லாவிட்டால் என்ன, தெருவே வாளியோடு இறங்கிவிட்டது. எதிர்வீட்டு ஆட்டோக்கார பாய் தன் வீட்டுத் தரைக்கடியில் தண்ணீர் சேர்த்து வைத்திருந்த சம்ப்பைத் திறந்துவிட்டு, "எடுங்கம்மா, எடுங்க, நல்ல காரியத்துக்குத்தானே" என்று மோட்டாரையும் போட்டார். மேல்வீட்டு நாய்க்காரர்கூட இரண்டு குடம் கொண்டுவந்தார். சம்ப்பிலிருந்து தொட்டிவரை வரிசை. அதில் என் இடம் தொட்டிக்கு ஏறும் படிக்கட்டு. முப்பத்தெட்டு வாளி வரை எண்ணினேன். அதற்கு மேல் இடுப்பு எண்ண விடவில்லை. தம்பியின் சட்டையில் மிச்சமிருந்த பட்டனும் தெறித்துத் தொட்டிக்குள் விழுந்தது. தடுத்து நிறுத்த வந்தவன் தொட்டியை நிரப்பிக் கொடுத்தேன்.

பத்து மணிக்கு ஆராதனை. கீபோர்டும் தபலாவும் கைத்தட்டலுமாக ஷெட் அதிர்ந்தது. எங்கள் கோயிலில் பாட்டுக்கு எழுந்திருப்பதே பெரிய உற்சாகம். பின்வரிசையில் மங்கி கேப்போடு உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு, சலவைச் சட்டையும் பைபிளுமாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். புருவத்தில் தழும்பு.

"மதுரைக்காரரே, தோஸ்திரம்" என்றார்.

நான் மங்கி கேப்பை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

தனசிங் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகத் தொட்டிப் பக்கம் நின்றான். நோட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சொன்னான். ஸ்குரூ டிரைவருக்கு ஜனங்கள் "அல்லேலூயா" என்றார்கள். நாய்க்குச் சிரித்தார்கள். கடைசியில் குரல் இறங்கியது. "பதினோரு வயசுல கோயில் காணிக்கைச் சேவலைத் திருடித் தின்னேன். பழி மாசிலாமணி அண்ணன்மேல விழுந்துச்சு. அவர் வேலை போச்சு, ஊர் போச்சு. நான் வாயைத் திறக்கல. அண்ணன் அந்தா பின்னாடி உக்காந்திருக்காங்க. என்னை மன்னிச்சிருங்கண்ணே." அழுதுவிட்டான்.

எல்லாத் தலையும் திரும்பியது. நான் நாற்காலிக்குள் எவ்வளவு இறங்க முடியுமோ அவ்வளவு இறங்கினேன். என் பெயர் வரவில்லை. இதோ முடிந்தது, தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன்.

பாஸ்டர் நல்ல மனிதர், ஆனால் விவரமாகக் கேட்பவர். "பதினோரு வயசுல நீங்க தனியாவா பிரதர் செஞ்சீங்க?" என்றார்.

தனசிங் என்னைப் பார்த்தான். ஒரு முழு நிமிஷம் பார்த்தான். பாவிப் பயல், நோட்டு முழுக்கச் சுத்தம் பண்ணி, ஒரு வருஷம் தூக்கம் கெட்டு, தொட்டி விளிம்புவரை வந்துவிட்டான். இப்போது எனக்காகப் புதுசாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதோடேயே தண்ணீருக்குள் இறங்கப்போகிறான். அவன் முகத்தில் அது நன்றாகத் தெரிந்தது. சின்ன வயதிலும் அப்படித்தான், நான் உடைத்ததற்கெல்லாம் அவன் அடி வாங்குவான்.

"தனி..." என்று வாயைத் திறந்தான்.

"ஏலேய், பொய் சொல்லாத!" என்று கத்திக்கொண்டு எழுந்துவிட்டேன். "அவனா தனியா? அந்தச் சேவலை அவனால தூக்கவே முடியாதுங்க! ஜன்னல் ஏறிக் குதிச்சது நான், சட்டையைப் போட்டு அமுக்குனது நான். இவன் வெளியே நின்னு, 'வேண்டாம்ணே, வேண்டாம்ணே'ன்னு அழுதான். நான்தான் பெரிய தொடையைத் தின்னேன்!"

ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று என்று, "நேத்து லாரியைத் திருப்பி அனுப்புனதும் நான்தான்" என்றேன்.

"அத்தான்!" என்றாள் மெர்சி. வாளி தூக்கிய அத்தனை பேரும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

பக்கத்தில் மாசிலாமணி சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு நாற்காலி குலுங்கியது. "எல, உக்காருல. எனக்கு அன்னைக்கே தெரியும்லா" என்றார். "ரெண்டு பயலுவளும் ரெண்டு நாள் கக்கூஸ்ல கிடந்தியள்லா, அதுல பாதி தெரியும். கிணத்தடியில ஒரு சட்டை கிடந்துச்சு, சிவப்பு நூல்ல நம்பர் தச்சு, நாப்பத்தேழு. அதுல மீதி தெரியும்."

போர்டிங்கில் சலவைக்குப் போடும்போது மாறாமலிருக்க ஒவ்வொருவன் துணியிலும் நம்பர் தைத்திருப்பார்கள். நான் நாற்பத்தேழு.

"பொறவு ஏம்ணே சொல்லல?" என்றேன்.

"சொன்னா போர்டிங்ல இருந்து வெரட்டிருப்பாவ. அப்பன் இல்லாத பிள்ளைய, சோத்துக்கு எங்க போவிய? எனக்கு ரெண்டு கை இருந்துச்சு. கோழிக் கள்ளன்னு சொன்னாவ, சரி, கோழிதான் நமக்கு விதிச்சிருக்குன்னு இங்க வந்து ஒரு கோழிக்கடையில சேந்தேன். இன்னைக்கு அந்தக் கடை என்னுது." என் தொப்பையைத் தட்டினார். "அந்தச் சட்டையை அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன்டே. நீ என்னன்னா இன்னும் அதையே மாட்டிக்கிட்டு அலையுத. நேத்து கடையில வச்சே கேட்டேன், மதுரைங்கான்!"

நான் ஐம்பது வயது ஆள், மூன்று தடவை செயலாளர். அத்தனை பேர் முன்னால் மங்கி கேப்பைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். கோழி வெட்டுகிற கை, வலித்தது.

தனசிங் தண்ணீருக்குள் இறங்கினான். பாஸ்டர் அவனைப் பின்னால் சாய்த்து முழுக்கி எடுத்தார். நான் முழுகவில்லை. மூன்று கை தண்ணீர் எனக்குப் போதும், அதில் இப்போதும் மாற்றமில்லை. ஆனால் அவன் மேலே ஏறி வந்ததும் நேராக என்னிடம் ஓடிவந்து சொட்டச் சொட்டக் கட்டிப்பிடித்துக்கொண்டான். தலையிலிருந்து கால்வரை நனைந்துபோனேன். போட்டுக்கொள்ள வேறு சட்டையும் இல்லை. முழுகுகிறவர்களுக்காகச் சபையில் வைத்திருந்ததில் மிச்சமிருந்த ஒரு வெள்ளைச் சட்டையை மெர்சி எடுத்துக் கொடுத்தாள். அது மட்டும் எனக்குச் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை பஸ் ஏற்ற மாசிலாமணியும் வந்தார். கையில் ஓட்டைபோட்ட அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு சேவல், சிவப்புக் கொண்டை. "ஞாயித்துக்கிழமை அங்க அறுப்பின் பண்டிகைதான? அன்னைக்கு என் பொறுப்புல இருந்த சேவல் கோயிலுக்குப் போய்ச் சேரல. இதையாவது கொண்டுபோய்ச் சேத்துரு. வழியில தின்னுராத" என்றார்.

ஸீட்டுக்கு அடியில் பெட்டியைத் தள்ளிவிட்டு, எல்லாரிடமும் விடைபெற்றுக் கிளம்பினேன். அத்திபெலேயில் டீக்கு இறங்கவே இல்லை. கோவில்பட்டி தாண்டி விடிகிற நேரத்தில் கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார். "கோழி நாத்தம் அடிக்குதே. யாருய்யா பஸ்ல கோழி ஏத்துனது? சார், உங்களுதா?"

"எனக்குத் தெரியாதுப்பா" என்றேன். பழக்கதோஷம். வாய் அதுவாகவே சொல்லிவிட்டது.

சொல்லி முடிக்கவில்லை. காலுக்கடியிலிருந்து அந்தச் சேவல் பஸ்ஸே அதிரும்படி ஒரு கூவல் கூவியது பாருங்கள்! தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஆண்டவரைத் தெரியாது, தெரியாது, தெரியாது என்று சொன்ன சீஷன், சேவல் கூவியதும் வெளியே போய் அழுத கதையை ஞாயிறு பள்ளியில் நாடகமாகப் போடுவோம். அதில் வருஷா வருஷம் சேவல் நான்தான். ஸ்கிரீனுக்குப் பின்னால் நின்று கூவுவேன். அன்றைக்குத்தான் அந்தக் கூவலை முன்னால் உட்கார்ந்து கேட்டேன்.

"என்னுதுதான்" என்றேன். "முப்பத்தாறு வருஷமா என்னுதுதான்."

கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

வீட்டில் மனைவி, "தம்பியை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டாள். தொட்டிக்கு முப்பத்தெட்டு வாளி தண்ணீர் ஊற்றியதைச் சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சேவலைத் தூக்கிக்கொண்டு பீடத்தின் முன் போய் நின்றேன். "காணிக்கை யார் பேர்ல?" என்று குருவானவர் கேட்டார். "மாசிலாமணி பேர்ல" என்றேன். கோயில் முழுக்கச் சிரிப்பு, என் வழக்கமான வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சட்டை நம்பர் உள்பட. கையிலிருந்த சேவல்தான் ஒரு பிடிப்பாக இருந்தது. அடுத்த மாதத் தேர்தலில் யார் தோற்றார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தபோது லேசான தூறல். கமிட்டியில் மூத்தவர் ஒருவர் குடையைத் தேடிக்கொண்டிருந்தார். "இங்கனதான வச்சேன்" என்று குனிந்து குனிந்து பார்த்தார். பக்கத்தில் நின்றவன் வாயைத் திறந்து, "மாசி..." என்று ஆரம்பித்தான். ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். தூறல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

பெரியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எய்யா ஜெபராஜ்" என்றார், "என் குடையைக் குடுத்துருப்பா."

ஊரே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். இப்போதெல்லாம் எங்கள் கோயிலில் எது காணாமல் போனாலும் என் பெயரைத்தான் சொல்கிறார்கள்.